விரல் நுனியில் 36 கிலோ

பாலே நடனத்தைத் திரையில் ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பெண் எப்படிக் கால்விரல் நுனியில் நிற்கிறாள்? வெறுங்காலோடு நாம் முயன்று பார்த்தால் ஒரு நொடி தாங்காது. விரல் மடங்கும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். அவளோ நிற்பதோடு விடுவதில்லை. சுழல்கிறாள், தாவுகிறாள், ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கிறாள். ஷூவுக்குள் மரக்கட்டை இருக்க வேண்டும் என்பது பலருடைய ஊகம்.

பாலே கற்கும் சிறுமிகளின் வீட்டில் இன்னொரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கும். எட்டு வயதில் வகுப்பில் சேர்ந்தவள், அந்தப் பளபளப்பான ஷூவுக்காகவே மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறாள். ஆசிரியர் “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்கிறார். அதே வயதுத் தோழிக்கு மட்டும் அனுமதி கிடைக்கிறது. நிற்க வைப்பது ஷூதான் என்றால் இவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமே?

ஷூவைப் பிரித்துப் பார்த்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குச் சிறுமியின் கணுக்கால் வரை, பிறகு இடுப்பு வரை போக வேண்டியிருக்கும்.

ஷூவுக்குள் என்ன இருக்கிறது

மரமும் இல்லை, இரும்பும் இல்லை. வழக்கமான பாயின்ட் ஷூவின் முன்பகுதி துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக வைத்து, காயவைத்து இறுக்கிய ஒரு கூடு. இதை முனைக்கூடு என்று அழைப்போம். அதன் நுனி மட்டும் தட்டையாக இருக்கும்; தரையைத் தொடுவது அந்தத் தட்டைதான். உள்ளங்காலுக்கு அடியில் அழுத்தமான அட்டையோ தோலோ கொண்ட ஒரு தகடு ஓடுகிறது. இவற்றின் மேல் சாட்டின் துணி, கணுக்காலைச் சுற்றிக் கட்ட ரிப்பன். அவ்வளவுதான். வியர்வையிலும் அழுத்தத்திலும் பசை இளகிவிடும். பெரிய குழுக்களில் முதன்மை வேடம் ஏற்பவர் ஒரே இரவில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவது சாதாரணம்.

தொடக்கத்தில் இந்தக் கூடுகூட இல்லை. 1832-இல் பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியபோது மாரி தாலியோனி விரல் நுனியில் எழுந்து நின்றது மெல்லிய சாட்டின் செருப்பில்தான். நுனியிலும் பக்கங்களிலும் ஊசி நூலால் நெருக்கமாகத் தையல் போட்டுத் துணியைக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். மற்றதெல்லாம் அவருடைய கால். தந்தை ஃபிலிப்போவிடம் பல மணி நேரக் கடும் பயிற்சி பெற்ற கால் அது. நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியச் செருப்புக் கைவினைஞர்கள் நுனியைக் கடினமாக்கினார்கள். அந்த மரபில் வந்த பியரீனா லென்யானி, 1895-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஸ்வான் லேக்’ நடனத்தில் ஒற்றைக் கால் நுனியில் தொடர்ந்து 32 சுற்றுகள் சுற்றிக் காட்டினார். வளைவு மிகுந்த மெல்லிய பாதம் கொண்ட அன்னா பாவ்லோவா, தன் ஷூவின் அடியில் கெட்டித் தோல் வைத்துப் பலப்படுத்திக்கொண்டார். பாவ்லோவாவின் பெயர் சென்னைக்கும் அந்நியமல்ல. ருக்மிணி தேவி அவருடைய நட்பைப் பெற்றவர், அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். நம் நாட்டு நடனத்தைத் தேடிக் கற்கும்படி அவருக்குச் சொன்னதும் பாவ்லோவாதான். ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரா 1936-இல் பிறந்தது.

இந்த வரலாற்றில் நான் கவனிப்பது வரிசையை. முதலில் கால் எழுந்தது. ஷூ அதன் பின்னால் வந்தது.

எடை போகும் வழி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வயதுச் சிறுமி, எடை 36 கிலோ, உயரம் 148 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் காலைத் தரையில் முழுதாகப் பதித்து நிற்கும்போது தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் கிட்டத்தட்ட 360 கிராம் எடையைத் தாங்குகிறது. நுனியில் எழுந்துவிட்டால் தொடும் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர் அளவுதான். இப்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 4 கிலோ.

இந்த 4 கிலோவும் கட்டைவிரல் நகத்தின் மேல் நேராக இறங்கினால் யாராலும் நிற்க முடியாது. முனைக்கூட்டின் வேலை இங்கேதான் வருகிறது. அது முன்பாதத்தைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்து, எடையில் ஒரு பகுதியைப் பக்கச் சுவர்கள் வழியாகத் தரைக்கு அனுப்புகிறது. விரல்களை மடங்காமல் நீட்டி வைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பாதம் தன்னைத் தானே மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்காலின் சிறிய தசைகள் தளர்ந்தால் பாதம் கூட்டுக்குள் அமிழ்ந்துவிடும், சுமை முழுவதும் கட்டைவிரலுக்குப் போய்விடும். பலமில்லாத பாதத்துக்கு நல்ல ஷூவும் உதவாது என்று ஆசிரியர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

நுனிக்குப் போகும் பாதையும் கடினமானது. தரையிலிருந்து எழும்போது முதலில் குதிகால் உயர்கிறது. எடை விரல்களின் அடிப்பகுதிக்கு வருகிறது. பரதத்தில் குதித்து மெட்டு அடவு ஆடுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நிலை இது. பாலேயில் இதை அரைநுனி எனலாம். அந்த இடத்திலிருந்து கணுக்கால் மூட்டு வரை 11 சென்டிமீட்டர் என்றும், மூட்டிலிருந்து கெண்டைத் தசையின் நாண் குதிகாலில் பற்றும் இடம் வரை 5 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். எடை நீளமான பக்கத்தில், இழுக்கும் தசை குட்டையான பக்கத்தில். ஆகவே 36 கிலோவைத் தூக்கக் கெண்டைத் தசை ஏறத்தாழ 80 கிலோவுக்கு இழுத்தாக வேண்டும். ஒற்றைக் காலில் எழும் ஒவ்வொரு முறையும் இதுதான் கணக்கு.

நுனியை எட்டியபின் நிலைமை மாறிவிடுகிறது. பாதம் முழுதாக நீண்டு, முன்னங்கால் எலும்பு, கணுக்கால், நடுப்பாத எலும்புகள், விரல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் அமைந்தால், எடை எலும்புகள் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. தசை தூக்க வேண்டியது மிகக் குறைவு, நேராகப் பிடித்து வைத்தால் போதும். கைதேர்ந்தவர் நுனியில் நிற்கும்போது முகத்தில் தெரியும் அந்த நிதானத்துக்கு உடற்கூறில் காரணம் இருக்கிறது.

பத்து டிகிரி குறைந்தால்

நேர்க்கோடு எல்லோருக்கும் அமையாது. கணுக்கால் மூட்டு மட்டும் தனியாக அவ்வளவு நீளாது. நடுப்பாத மூட்டுகளும் சேர்ந்து வளைந்து கொடுத்தால்தான் முன்னங்காலும் பாதத்தின் மேற்புறமும் ஒரே கோட்டுக்கு வரும். நம் சிறுமிக்கு அந்த நீட்சியில் வெறும் 10 டிகிரி குறைகிறது என்போம். பார்ப்பவர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை 17 சென்டிமீட்டர் இருந்தால், 10 டிகிரி குறைவு என்பது கணுக்கால் நுனிக்கு நேர் மேலே இல்லாமல் 3 சென்டிமீட்டர் பின்னால் நிற்பது. ஷூவின் தட்டை நுனியோ நடுவிலிருந்து விளிம்பு வரை ஒன்றரை சென்டிமீட்டர்தான். அவள் எடை இறங்கும் கோடு தட்டைக்கு வெளியே விழுகிறது. பின்னால் சாய்ந்துவிட வேண்டியவள்.

ஆனாலும் குழந்தைகள் எப்படியோ நின்றுவிடுவார்கள், சிக்கலே அதுதான். முழங்காலை மடக்கி முன்னங்காலை முன்னே சாய்ப்பாள். முதுகை வளைத்து மார்பை முன்னே தள்ளுவாள். விரல்களைக் கூட்டுக்குள் கொக்கிபோல் மடக்கிப் பற்றுவாள். பாதத்தை உட்பக்கம் திருப்பிக்கொள்வாள். கணுக்கால் வெளிப்புறமாகப் புரண்டு தசைநார் கிழிவது பெரும்பாலும் இந்தக் கோணலில்தான். ஒவ்வொரு ஏமாற்றும் ஒரு பழக்கமாகிறது, பழக்கம் காயமாகிறது. ஓராண்டில் பதிந்த கோணலைத் திருத்த அதைவிட நீண்ட காலம் பிடிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிலருக்குப் பாதம் அளவுக்கு மீறி வளையும். வகுப்பில் எல்லோரும் வியந்து பார்க்கும் அழகான வளைவு. இவர்கள் நுனியில் எழுந்தால் கணுக்கால் தட்டையைத் தாண்டி முன்னே வழிந்துவிடும். பாதத்தின் மேற்புறத் தசைநார்கள் இழுபடும், ஷூவின் தகடு ஒரு வாரத்தில் முறியும். அழகான பாதம் தயாரான பாதம் என்று நினைப்பது பெற்றோர்கள் செய்யும் வழக்கமான தவறு. இந்தச் சிறுமிகள்தான் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியவர்கள்.

சாய்வதற்கு இடமில்லை

தரையில் நிற்கும் நாம் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. முன்னும் பின்னும் இடைவிடாமல் சிறிதளவு ஊசலாடுகிறோம். பாதம் நீளமாக இருப்பதால் ஆறு ஏழு டிகிரி சாய்ந்தாலும் விரல்களை அழுத்தி மீண்டுவிடலாம். நுனியில் நிற்கும் சிறுமியின் ஈர்ப்பு மையம், அதாவது உடல் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்பு. அவள் சாயக்கூடிய அளவு ஒரு டிகிரிக்கும் குறைவு.

உள்ளங்கையில் நீளக் கம்பை நிறுத்தி விளையாடும் பிள்ளைகள், கம்பு சாயும் பக்கம் கையை நகர்த்திச் சமாளிப்பார்கள். நுனியில் நிற்பவளுக்கு அடி நகராது. திருத்தம் முழுவதும் மேலிருந்து வர வேண்டும். கணுக்காலைச் சுற்றிய தசைகள் நுண்ணிய அளவில் திருத்தும். மீதியை இடுப்பும் வயிறும் முதுகும் செய்கின்றன. இடுப்பெலும்பு ஒரு பக்கம் சரிந்தால் அந்தச் சரிவு கீழே வந்து சேரும்போது கணுக்கால் அதைத் தாங்காது. பாதத்தின் நடனம் என்று நினைக்கும் ஒன்றுக்கு ஆசிரியர் ஏன் சிறுமியின் வயிற்றையும் தொடையையும் பார்க்கிறார் என்பது இப்போது விளங்கும்.

12 வயது எங்கிருந்து வந்தது

நடன மருத்துவம், அறிவியலுக்கான பன்னாட்டுச் சங்கம் 12 வயதுக்கு முன் நுனிப் பயிற்சி வேண்டாம் என்கிறது. பலரும் இதற்குச் சொல்லும் காரணம், வளர்தட்டுகள். எலும்பு நீளமாக வளரும் மென்மையான பகுதிகள் இவை. பெண் குழந்தைகளின் பாதத்தில் இவை மூடுவது ஏறத்தாழ 14, 15 வயதில். நுனியில் நின்றால் இவை நசுங்கிவிடும் என்பது பழைய அச்சம். சற்று யோசித்தால் கணக்கு இடிக்கும். வளர்தட்டுதான் காரணமென்றால் 16 வயது வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும்; யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒழுங்காகப் பயின்ற சிறுமிகளுக்கு நுனிப் பயிற்சியால் வளர்தட்டு கெட்டது என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை.

12 என்பது உண்மையில் கூட்டல் கணக்கு. முறையான பயிற்சி எட்டு வயதில் தொடங்குகிறது. வாரம் இருமுறையாவது வகுப்புக்கு வருபவள், உடலமைப்பில் தடையேதும் இல்லாவிட்டால், நான்காம் ஆண்டில் நுனிக்குப் போகலாம் என்பது அந்தச் சங்கத்தின் வழிகாட்டுதல். வாரம் ஒருமுறை மட்டும் வருபவளுக்கு அது வேண்டாம் என்கிறது. புனித பீட்டர்ஸ்பர்க்கின் வாகனோவா அகாதெமியில் பத்து வயதில் சேரும் மாணவிகள் முதல் ஆண்டிலேயே நுனியில் எழுகிறார்கள். முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் அவர்கள் பாதம், இடுப்பு, மூட்டு எல்லாம் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், தினமும் பயிற்சி செய்பவர்கள். அந்தப் பத்து வயதை வார இறுதி வகுப்புக்கு எடுத்து வருவது ஆபத்து.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. பெண் குழந்தைகள் மிக வேகமாக உயரும் காலமும் இதே 11, 12 வயதுதான். எலும்பு முந்திக்கொண்டு நீள்கிறது, தசை பின்தொடர்கிறது. நேற்று வரை எளிதாக வந்த சுற்று இன்று தடுமாறும், தொடைத் தசை இறுகும், சமநிலை குலையும். நுனிக்கு உகந்த வயது என்று நாம் வைத்திருக்கும் அந்த ஆண்டிலேயே உடலின் கட்டுப்பாடு தற்காலிகமாகக் குறையலாம். ஆறு மாதத்தில் நாலைந்து சென்டிமீட்டர் உயர்ந்துவிட்ட சிறுமியை ஆசிரியர் நிறுத்தி வைத்தால், அவளுடைய திறமையில் குறை கண்டார் என்று பொருளல்ல. உடல் தன் புதிய நீளத்தைப் பழகிக்கொள்ளட்டும் என்கிறார். இதைச் சிறுமியிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பல வகுப்புகளில் சொல்வதில்லை, அவள் இரவெல்லாம் அழுகிறாள்.

ஆசிரியர் எதைப் பார்க்கிறார்

முதலில் பென்சில் சோதனை. காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தை நுனிவரை நீட்டச் சொல்லி, கணுக்காலின் மேற்புறத்தில் ஒரு பென்சிலை வைக்கிறார்கள். முன்னங்காலிலிருந்து பாதத்துக்குப் பென்சில் தடையின்றி நேராகப் படிந்தால் நீட்சி போதும். மேலே சொன்ன 10 டிகிரி குறைவைக் கண்டுபிடிக்கும் எளிய வழி இது.

அடுத்தது விமானச் சோதனை. ஒற்றைக் காலில் நின்று, உடலை முன்னே சாய்த்துத் தரைக்கு இணையாக்கி, மறுகாலைப் பின்னே நீட்ட வேண்டும். கைகள் விரிந்திருக்கும். நிற்கும் முழங்காலை ஐந்து முறை மடக்கி, ஒவ்வொரு முறையும் விரல் நுனியால் தரையைத் தொட வேண்டும். நான்கு முறையாவது முழங்கால் உட்பக்கம் சரியாமல் பாதத்துக்கு நேர் மேலே இருந்தால் தேர்ச்சி. பார்க்க விளையாட்டுப் போலிருக்கும், இடுப்புத் தசையின் பலவீனம் ஒன்றுகூட இதில் மறையாது. பிறகு ஒற்றைக் காலில் 16 குதிப்புகள். பாதியாவது கால் கோணாமல் இறங்க வேண்டும். கடைசியாக, அரைநுனியில் ஒரு முழுச் சுற்று, நேரான முதுகோடு, தடுமாறாத முடிவோடு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மூன்று அசைவுச் சோதனைகளும் அனுபவமுள்ள ஆசிரியர்களின் கணிப்போடு ஒத்துப்போவதைக் கண்டது.

இவற்றோடு, ஒற்றைக் காலில் முழங்கால் மடங்காமல் இருபது முறையாவது குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்கச் சொல்வார்கள். கணக்கில் வந்த 80 கிலோவை நினைத்தால் இருபது அதிகமில்லை.

தேர்ச்சி பெறாதவளுக்கு வீட்டுப் பாடம் உண்டு. விரல்களை மடக்காமல், தரையில் நீட்டி வைத்தபடியே உள்ளங்கால் வளைவை மட்டும் மேலே சுருக்கித் தூக்குவது. முதல் நாள் ஒன்றும் நகராது, இரண்டு மூன்று வாரத்தில் தசை விழித்துக்கொள்ளும். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி மெதுவாக நீட்டி, அதைவிட மெதுவாக மடக்குவது. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்தால் மறுபடி பார்க்கலாம்.

ஒரே நாளில் வகுப்பு முழுவதற்கும் ஷூவை வழங்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டு விழா நெருங்குகிறது, பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பத்துப் பேருக்குப் பத்து வகையான கணுக்கால். ஒரே தேதி எப்படிப் பொருந்தும்? இணையத்தில் ஷூ வாங்கி வீட்டுக் கூடத்தில் காணொளி பார்த்து முயல்வது அதைவிட மோசம்.

முதல் மாதங்கள்

அனுமதி கிடைத்தபின் ஷூவைக் கடையில் நேரில் நின்று பார்த்தே வாங்க வேண்டும். பொருத்துபவர் முழங்காலை மடக்கச் சொல்வார், நுனியில் எழச் சொல்வார், கூட்டின் அகலத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கே கூடவே கூடாது. தளர்ந்த கூட்டில் பாதம் கீழே வழுக்கி, முழு எடையும் விரலில் இறங்கும். பாதம் வளர்ந்தால் புது ஷூதான். செலவு அதிகம், தொடங்குமுன்பே குடும்பம் அறிந்திருக்க வேண்டிய செலவு.

முதல் சில மாதங்களில் மேடையில் பார்க்கும் எதுவும் நடக்காது. வகுப்பின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம், உடல் சூடேறியபின், சுவரோரக் கைப்பிடிக் கட்டையைப் பார்த்து நின்று இரண்டு கைகளாலும் பிடித்தபடி, இரண்டு காலிலும் எழுந்து இறங்குவது. இறங்கும்போது தொப்பென்று விழாமல் அரைநுனி வழியாக உருண்டு வர வேண்டும். கட்டையை விட்டு நடுக்கூடத்துக்கு வரப் பல மாதம் ஆகும், ஒற்றைக் காலுக்கு இன்னும் அதிகம்.

தோல் உரசிக் கொப்புளம் வருவது இயல்பு. குதிகாலுக்குப் பின்னே, உள்ளே ஆழத்தில் குத்தும் வலி இயல்பல்ல. கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அந்த வழியாகத்தான் போகிறது. சிலருக்கு அங்கே கூடுதலாக ஒரு சிறு எலும்பும் இருந்து, பாதத்தை நீட்டும்போதெல்லாம் நசுங்கும். நடுப்பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாம் விரலின் நீள எலும்பு தொடங்குமிடத்தில் ஒரே புள்ளியில் வலி தங்கினால் அது எலும்பில் மெல்லிய கீறலாக இருக்கலாம். ஷூவைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதோடு சாப்பாடு. எலும்பு தன் வாழ்நாள் வலுவைச் சேர்த்துக்கொள்ளும் ஆண்டுகள் இவை. மெலிய வேண்டுமென்று சிறுமி உணவைக் குறைத்தால், மாதவிடாய் தள்ளிப்போனால், எலும்பு முறியும் வாய்ப்பு கூடுகிறது. எடையைக் குறைத்தால் நுனியில் நிற்பது எளிதாகும் என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் அந்த வகுப்பிலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்துவிடுங்கள்.

வளர்ந்தவர்கள் தொடங்கும்போது

முப்பது வயதில் பாலே கற்க வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு வளர்தட்டு மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் நல்ல ஆசிரியர் அவர்களிடமும் அதே பென்சிலை வைக்கிறார், அதே விமானச் சோதனையைச் செய்யச் சொல்கிறார். 1974-இல் நியூயார்க்கில் தொடங்கிய ட்ராக்கடேரோ குழுவில் ஆடுபவர்கள் அனைவரும் ஆண்கள். நம் சிறுமியைப்போல் இருமடங்கு எடையோடு விரல் நுனியில் ‘ஸ்வான் லேக்’ ஆடுகிறார்கள். அவர்கள் எடையும் அதே நேர்க்கோட்டில்தான் இறங்குகிறது.

கடைசியாக ஒரு கூட்டம் இருக்கிறது; அவர்களைப் பற்றி ஷூ விற்பவர்கள் பேசுவதில்லை. கணுக்காலின் பின்புறம் எலும்போடு எலும்பு முட்டுவதால் பாதம் ஓர் எல்லைக்கு மேல் நீளாதவர்கள். தசை இறுக்கம் என்றால் பயிற்சி தளர்த்தும். எலும்பு முட்டினால் எந்தப் பயிற்சியும் உதவாது, காலை வலுக்கட்டாயமாக வளைப்பது காயத்தைத்தான் தரும். இயன்மருத்துவர் ஒருவர் சில நிமிடங்களில் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட சிறுமிக்கு அதை எட்டு, ஒன்பது வயதிலேயே, தெளிவாக, பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும். மென்ஷூவில் ஆடும் பாலே இருக்கிறது, நாட்டுப்புற வடிவங்களைத் தழுவிய பாத்திர நடனம் இருக்கிறது, வெறுங்காலில் ஆடும் தற்கால நடனம் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு 12 வயதில் இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக, இவற்றில் எது தன்னுடையது என்று தேர்ந்தெடுக்க அவளுக்கு அந்த நான்கு ஆண்டுகளைக் கொடுக்கலாம்.